பைத்திய மாடு நோயும் மாட்டுத் தீவனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறவை மாடு வளர்ப்போர் கூட்டங்களில் தீவனம் பற்றிப் பேசி முடித்து மைக்கை வைத்த பிறகு, யாராவது ஒருவர் இந்த நோயைப் பற்றிக் கேட்டுவிடுவார். கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். சம்பவம் பெரும்பாலும் பிரிட்டனில் நடந்தது என்பதால் பதில்களும் அங்கேதான் அதிகம் சுற்றும்.

பைத்திய மாடு நோய்னா மாட்டுக்கு நிஜமாவே பைத்தியம் பிடிச்சிடுமா?

மூளை மெல்லச் சிதைந்துபோகும் நோய் இது. மருத்துவர்கள் பி.எஸ்.இ. என்பார்கள். நான்கைந்து வயது மாடு, நன்றாகக் கறந்துகொண்டிருந்தது, ஒருநாள் கறவைக் கொட்டகைக்குள் நுழைய மறுக்கும். தினமும் தாண்டிப்போன சாக்கடைக் கால்வாய்க்கு முன்னால் நின்று மிரளும். வாளி உருண்டால் உடம்பு தூக்கிப்போடும். மடியைத் தொட்டால் உதைக்கும், மூக்கை ஓயாமல் நக்கும். அப்புறம் பின்னங்கால்களைத் தேவைக்கு மேல் தூக்கி வைத்துத் தள்ளாடும். தீனி எடுத்துக்கொண்டே இளைக்கும், பால் இறங்கும். கடைசியில் விழுந்தால் எழுந்திருக்காது. அறிகுறி தெரிந்தபின் சில வாரங்களோ சில மாதங்களோதான். மருந்து கிடையாது.

தெற்கு இங்கிலாந்தில் 1984 கடைசியிலேயே ஒரு பண்ணையில் இப்படி மாடுகள் தள்ளாடின. என்ன நோய் என்று உறுதியானது 1986 நவம்பரில், வெய்பிரிட்ஜில் உள்ள மத்திய கால்நடை ஆய்வகத்தில். மூளைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தபோது நரம்பு செல்கள் பொத்தல் பொத்தலாக இருந்தன. செம்மறி ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி என்ற பழைய நோயில் தெரியும் அதே பொத்தல்கள்.

வெறிநாய் கடிச்ச மாடும் இப்படித்தானே மிரளும்? ரெண்டும் ஒண்ணா?

இல்லை. வெறிநோய் வைரஸால் வருவது, கடியில் தொற்றுவது, அறிகுறி தெரிந்த சில நாட்களில் மாடு இறந்துவிடும். நம் ஊரில் ஒரு மாடு வாயில் எச்சில் ஒழுகக் கத்திக்கொண்டு முட்ட வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெறிநோயைத்தான். வாய்க்குள் கையை விடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கிருமியே இல்லாம ஒரு நோய் எப்படிப் பரவும்?

பிரியான் என்ற புரதம்தான் காரணி. இந்தப் புரதம் நம் மூளையிலும் மாட்டு மூளையிலும் இயல்பாகவே இருக்கிறது. அது தவறாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். பாலில் ஒரு துளி உறைமோர் விழுந்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும், அந்த மாதிரி. ஆனால் இது மிக மெதுவாக நடக்கும். மாட்டில் நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருடம் ஆகிறது.

பிரியான் என்ற பெயரை 1982-ல் வைத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்லி புரூசினர். மரபணுவே இல்லாத ஒன்று எப்படித் தொற்றும் என்று பலர் கேலி செய்தார்கள். 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புல் தின்கிற ஜீவனுக்கு எதுக்கு மாமிசத்தைப் போட்டாங்க? அதுக்குத்தானே இந்தத் தண்டனை?

முதல் பாதிக்குப் பதில் காசு. நிறையக் கறக்கும் மாட்டுக்குப் புரதம் நிறைய வேண்டும். பிரிட்டன் குளிரில் சோயா விளையாது, இறக்குமதிதான். இன்னொரு பக்கம் அறுப்புக்கூடங்களில் தலை, எலும்பு, குடல், தண்டுவடம், பண்ணையில் செத்த மாடு எல்லாம் குவிந்தன. இவற்றை ரெண்டரிங் ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே கழிவை நொறுக்கி வேகவைப்பார்கள், கொழுப்பு உருகித் தனியே பிரியும், அது சோப்புக்கும் மற்றதற்கும் போகும். அடியில் நிற்கும் சக்கையைப் பிழிந்து அரைத்தால் பழுப்பு நிறத்தில் ஒரு தூள். அதுதான் இறைச்சி எலும்புத் தூள். புரதம் கிட்டத்தட்டப் பாதி, கூடவே கால்சியம், பாஸ்பரஸ். தவிரவும் இந்தப் புரதத்தில் கணிசமான பகுதி முதல் வயிற்றில் கரையாமல் சிறுகுடல் வரை போய்ச் சேரும், நாம் பைபாஸ் புரதம் என்று சொல்வோமே, அது. கணக்குப் போடும் தீவனக் கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் இது சாதாரண வழக்கம். பண்ணைக்காரருக்கு மூட்டையில் என்ன இருக்கிறது என்றே பெரும்பாலும் தெரியாது.

தண்டனை என்ற பாதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. மாட்டுக்கு மாமிசம் கொடுத்ததால் மட்டும் இந்த நோய் பிறக்காது. நோயுள்ள மாட்டின் மூளையும் தண்டுவடமும் மறுபடி மாட்டுக்கே போன சுற்றுதான் ஆபத்து. அந்த மாடும் ஆலைக்குப் போகும், அடுத்த சுற்றில் இன்னும் நூறு மாட்டுக்குத் தூள் ஆகும். போதாக்குறைக்கு 1970-களிலிருந்து பிரிட்டனில் சின்னக் கன்றுகளின் தீவனத்திலும் இந்தத் தூள் சேர்ந்தது. கன்றுப் பருவத்தில்தான் தொற்று எளிதாக ஒட்டுகிறது.

தீவனம்தான் காரணம்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றாங்க?

1987-ல் ஜான் வைல்ஸ்மித் என்ற கால்நடைத் தொற்றியல் ஆய்வாளரின் குழு, நோய் கண்ட பண்ணைகளில் ஒவ்வொன்றாக விசாரித்தது. தடுப்பூசியா, ஹார்மோனா, பூச்சிமருந்தா, பக்கத்தில் செம்மறி மேய்ந்ததா, வெளிநாட்டிலிருந்து வாங்கிய மாடா? எதுவும் எல்லாப் பண்ணைக்கும் பொதுவாக இல்லை. பொதுவாக இருந்தது மூட்டையில் வந்த அடர்தீவனம். அந்த வருடம் முடிவதற்குள் இறைச்சி எலும்புத் தூளைச் சுட்டிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த சான்றுகள் வேறு. கறவைப் பண்ணைகளில் நோய் அதிகம், தாயோடு விட்டு வளர்க்கும் இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் குறைவு. கறவைக் கன்றைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்து அடர்தீவனத்தில் வளர்ப்பார்கள், அதுதான் வித்தியாசம். அடுத்து, ஜெர்சி, குவெர்ன்சி தீவுகள். தங்கள் மாட்டினம் கலந்துவிடக் கூடாது என்று வெளி மாட்டை உள்ளே விடாத தீவுகள் அவை. ஆனால் தீவனம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. நோயும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1988 ஜூலையில் அசைபோடும் விலங்குகளின் தீவனத்தில் அந்தத் தூளைத் தடை செய்தார்கள். நான்கைந்து வருடம் கழித்து எண்ணிக்கை உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. மேலே சொன்ன ஐந்து வருடக் கணக்கோடு இது பொருந்துகிறது.

நல்லா வேக வெச்சா செத்துடாதா? ஆலைக்காரங்க சூட்டைக் குறைச்சதாலதான் நோய் வந்துச்சுன்னு படிச்சேனே?

உயிருள்ள கிருமியாக இருந்தால் சாகும். இது புரதம். ஸ்கிரேப்பி நோயுற்ற வெள்ளெலி மூளையை 600 டிகிரியில் சாம்பலாக்கிய பிறகும் கொஞ்சம் தொற்றும் திறன் மிஞ்சியதை ஒரு சோதனையில் கண்டார்கள். மாட்டுக்கு வாய்வழியாக ஒரே ஒரு மில்லிகிராம் நோய் மூளை கொடுத்தும் தொற்றியிருக்கிறது. வீட்டுக் குக்கரெல்லாம் எம்மாத்திரம்?

சூடு குறைந்தது பற்றிய பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு. 1970-களின் இறுதியில் எரிபொருள் விலையாலும் பாதுகாப்புக் காரணங்களாலும் பல ஆலைகள், கரைப்பான் ஊற்றிக் கொழுப்பைப் பிரிக்கும் பழைய முறையைக் கைவிட்டன. அந்த முறை நீடித்த ஸ்காட்லாந்தில் நோய் குறைவாகவும் இருந்தது. அதனால் முதலில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆய்வகத்தில் இரு முறைகளையும் செய்து பார்த்தபோது, பழைய முறையும் பிரியானை ஒழிக்கவில்லை. லார்ட் பிலிப்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2000 அக்டோபரில் கொடுத்த 16 தொகுதி அறிக்கையும் இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. ஐரோப்பா பின்னால் கொண்டுவந்த விதி 133 டிகிரி, 3 பார் அழுத்தம், 20 நிமிடம். அதுகூட அபாயத்தைக் குறைக்கும், துடைத்தெறியாது.

சரி, தீவனத்துல பரவுச்சு. முதல் மாட்டுக்கு எங்கிருந்து வந்துச்சு?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். எப்படிப் பரவியது, எப்படித் தோன்றியது, இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதுக்கு இன்னும் இல்லை. காரணம் பற்றிய சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

பழைய கருத்து, செம்மறியின் ஸ்கிரேப்பி தூள் வழியாக மாட்டுக்குத் தாவியது என்பது. பிரிட்டனில் செம்மறி ஏராளம், ஸ்கிரேப்பியும் 250 வருடமாக இருக்கிறது. ஆனால் மாட்டு நோயின் பிரியானை எலிக்குச் செலுத்திப் பார்த்தால் அது நடந்துகொள்ளும் விதம் ஸ்கிரேப்பி வகைகளோடு ஒத்துப்போகவில்லை. ஸ்கிரேப்பி மனிதருக்கு வந்ததாகவும் சான்று இல்லை, இதுவோ வந்தது. பிலிப்ஸ் குழு ஸ்கிரேப்பிக் கருத்தைத் தள்ளிவிட்டு, 1970-களில் தென்மேற்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு மாட்டில் தானாக ஏற்பட்ட மாற்றம் என்று ஊகித்தது. அடுத்த வருடம், நோயின் மூலத்தை மறுபடி ஆராய அரசு அமைத்த சர் கேப்ரியல் ஹார்ன் குழு, ஸ்கிரேப்பியை அப்படி முழுதாகத் தள்ளிவிட முடியாது என்றது. என் சாய்வு தானாகத் தோன்றியது என்ற பக்கம். ஏன் என்பதை, வயதான மாடுகளைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கங்கையில மிதந்த பிணங்களாலதான் பைத்திய மாடு நோய் வந்துச்சுன்னு வெள்ளைக்காரன் சொன்னானாமே?

சொன்னது உண்மை. 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆலன் கோல்செஸ்டரும் இன்னொருவரும் எழுதினார்கள். பிரிட்டன் 1960, 70-களில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து லட்சக்கணக்கான டன் எலும்பு வாங்கியது. ஆற்றோரம் பொறுக்கிய எலும்புகளில் மனித எலும்பும் கலந்திருக்கலாம். அவற்றில் சி.ஜே.டி. என்ற மனித மூளை நோயால் இறந்தவருடையதும் இருந்திருக்கலாம். அது தீவனத்துக்குப் போயிருக்கலாம். இதுதான் வாதம். எத்தனை "லாம்" என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அதே இதழிலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவர்கள் சங்கரும் சதீஷ்சந்திராவும் மறுப்பு எழுதினார்கள். சி.ஜே.டி. பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கு வருவது. தொற்று மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும், எரிந்தும் வெயிலில் காய்ந்தும் கிடக்கும் எலும்பில் அது எவ்வளவு மிஞ்சும்? எலும்பு வணிகம் நடந்தது, மற்றது எதுவும் நிரூபணமாகவில்லை. யாராவது இதை முடிவான உண்மை போல அனுப்பினால் அப்படியே திருப்பிவிடுங்கள்.

பூச்சிமருந்துதான் நிஜமான காரணம், கம்பெனிகளுக்காக மறைச்சுட்டாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

இதைக் கிளப்பியவர் மார்க் பர்டி, சாமர்செட் பகுதி இயற்கை விவசாயி. மாட்டுத் தோலில் புழு வைக்கும் வார்பிள் ஈயை ஒழிக்க மாட்டின் முதுகில் ஆர்கனோபாஸ்பேட் மருந்தை ஊற்ற வேண்டும் என்று 1980-களில் அரசு கட்டாயப்படுத்தியபோது, நீதிமன்றம் போய்த் தன் மாடுகளுக்கு விலக்கு வாங்கினார். பிறகு இந்த மருந்தும், மண்ணில் தாமிரம் குறைந்து மாங்கனீசு கூடுவதும்தான் நோய்க்கு மூலம் என்று சாகும் வரை வாதாடினார். ஆர்கனோபாஸ்பேட் நரம்பைப் பாதிக்கும் என்பதில் அவர் சொன்னது சரிதான், நம் வயல்களுக்கும் பொருந்தும்.

ஆனால் இந்த நோயை அது விளக்கவில்லை. அதே மருந்தைப் பயன்படுத்திய மற்ற நாடுகளில் இப்படிக் கொள்ளைநோய் எழவில்லை. மருந்தே படாத ஆய்வக விலங்குக்கு நோய் மூளை கொடுத்தால் நோய் வருகிறது. தீவனத் தடைக்குப் பிறகு நோய் இறங்கியது. பிலிப்ஸ் குழுவும் ஹார்ன் குழுவும் இதை விசாரித்தன, மூல காரணமாக ஏற்கவில்லை.

1988-லயே தடை போட்டாச்சு. அப்புறமும் ஏன் ஆயிரக்கணக்குல மாடு செத்துச்சு?

ஒரு பங்கு, ஏற்கெனவே உள்ளே போனது. 1992-ல் மட்டும் 37,280 மாடுகள், அவற்றில் பெரும்பாலானவை தடைக்கு முன்னால் தூள் தின்றவை. ஆனால் தடைக்குப் பின் பிறந்தவற்றிலும் 40,000-க்கு மேல் நோய் கண்டது. அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

தடை மாடு, ஆட்டுத் தீவனத்துக்கு மட்டும்தான். பன்றிக்கும் கோழிக்கும் அதே தூள் சட்டப்படி போய்க்கொண்டிருந்தது, அரைத்தது அதே மில்லில், அதே இயந்திரத்தில். காலையில் பன்றித் தீவனம் ஓட்டிய இயந்திரத்தில் மதியம் மாட்டுத் தீவனம் ஓட்டினால், மூலையில் ஒட்டியிருந்தது எங்கே போகும்? ஒரு மில்லிகிராம் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தடைக்குப் பின் பிறந்த மாடுகளில் நோய் விகிதம், பன்றியும் கோழியும் அதிகமுள்ள வடக்கு, கிழக்கு இங்கிலாந்துப் பக்கம் நகர்ந்தது. கையிருப்பைத் தீர்க்கக் கடைகளுக்குச் சில வாரம் அவகாசமும் கொடுத்திருந்தார்கள். உள்ளூரில் விலை போகாத தூள் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் பிறகு ஆசியாவுக்கும் போனது. எனக்கு இந்தக் கதையிலேயே ஜீரணிக்க முடியாத பகுதி அதுதான். எந்தப் பண்ணை விலங்குக்கும் இந்தத் தூள் கூடாது என்று முழுத்தடை வந்தது 1996 ஆகஸ்டில். மொத்தத்தில் பிரிட்டனில் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது.

மனுஷனுக்கு வராதுன்னு மந்திரி சொன்னாராமே?

1990 மே மாதம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்களுக்கு முன்னால் தன் சிறு மகளுக்கு பர்கர் ஊட்டப் பார்த்தார். 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல், இளவயதினர் 10 பேருக்கு வந்த புது வகை சி.ஜே.டி.க்கு மாட்டு நோயே பெரும்பாலும் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஒரே வாரத்தில் ஐரோப்பா பிரிட்டிஷ் மாட்டிறைச்சியை நிறுத்தியது. பிரிட்டனில் இதுவரை 178 பேர் இறந்திருக்கிறார்கள்.

தசைக் கறியைவிட, தண்டுவடத் துணுக்குகளோடு எலும்பிலிருந்து இயந்திரத்தால் சுரண்டி எடுத்த மலிவான கூழ்க்கறியைத்தான் அதிகம் சந்தேகிக்கிறார்கள். மூளை, தண்டுவடம் முதலியவற்றை மனித உணவிலிருந்து விலக்கியது 1989 நவம்பரில்.

பால்ல வருமா?

வராது. நோயுள்ள மாட்டின் பாலைக் கொடுத்துச் செய்த சோதனைகளிலும் தொற்றவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பால் பாதுகாப்பானது என்றே சொல்கிறது.

லண்டன்ல இருந்தவங்க ரத்தம் கொடுக்கக் கூடாதாம், நிஜமா? என் அக்கா 1989-ல இருந்து அங்கதான்.

முன்பு நிஜம். ரத்தம் ஏற்றியதன் வழியே இந்தப் புது வகை சி.ஜே.டி. தொற்றியது பிரிட்டனில் சிலருக்கு உறுதியானது. அதனால் 1980-க்கும் 1996-க்கும் இடையில் பிரிட்டனில் குறிப்பிட்ட காலம் இருந்தவர்களிடம் ரத்தம் வாங்குவதைப் பல நாடுகள் நிறுத்தின. லண்டனிலிருந்து கனடா, ஆஸ்திரேலியா போய்க் குடியேறிய ஈழத்தமிழர் பலர் ரத்ததான முகாமில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்பி வந்தவர்கள்தான். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2022-லும், கனடா 2023-லும் அந்தத் தடையை எடுத்துவிட்டன. மற்ற நாடுகளில் அங்குள்ள ரத்த வங்கியிடம் கேளுங்கள். பிரிட்டனுக்குள் இந்தக் காரணத்துக்காக அவர் ரத்தம் கொடுக்கத் தடை இருந்ததில்லை, இருந்தால் அங்கே கொடுக்க யார் மிஞ்சுவார்கள்?

தீவனத்தை நிறுத்தி இத்தனை வருஷம் ஆச்சு. இப்பவும் அமெரிக்காவுல, ஸ்காட்லாந்துல ஒரு மாடுன்னு செய்தி வருதே?

அவற்றில் பெரும்பாலானவை வேறு வகை. 2004-ல் இத்தாலியிலும் பிரான்ஸிலும், பரிசோதனைக்கு வந்த மாடுகளில் பிரியானின் படிவம் வழக்கத்துக்கு மாறாக இருந்ததைக் கண்டார்கள். பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேற்பட்ட கிழட்டு மாடுகள், நாட்டுக்கு இரண்டு மூன்று, தீவனத் தொடர்பு இல்லை. மனிதரில் முதுமையில் தானாக வரும் சி.ஜே.டி. போல மாட்டிலும் தானாக வருகிறது என்பதே இப்போதைய கணிப்பு.

முதல் மாட்டைப் பற்றி மேலே பாக்கி வைத்தது இதைத்தான். இப்படித் தானாக நோய் வந்த ஒரு மாடு 1970-களில் ஆலைக்குப் போயிருந்தாலே போதும். இந்த மாறுபட்ட வகைகளில் ஒன்றை விலங்குகளில் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அது பிரிட்டனில் பரவிய வகை போல மாறுவதைச் சில ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. அதனால்தான் நோய் ஓய்ந்த பிறகும் தீவனத் தடையை எடுக்கக் கூடாது என்கிறார்கள்.

நம்ம ஊர்ல கம்பெனித் தீவனத்துல எலும்புத் தூள் சேர்க்கிறாங்களா? மீன்தூள் போடலாமா?

இந்தியாவில் இந்த நோய் பதிவாகவில்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் மிகக் குறைந்த அபாயம் உள்ள நாடுகளில் இந்தியாவும் உண்டு. நம் மாடு தின்பது வைக்கோல், சோளத்தட்டை, தவிடு, கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை. பால், இறைச்சிக்கான மாட்டுத் தீவனத்தில் மாடு, பன்றியின் இறைச்சித் தூள், எலும்புத் தூள், ரத்தத் தூள் சேர்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடையும் இருக்கிறது. கவனிக்க வேண்டிய இடம் தாது உப்புக் கலவை. பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) பாறையிலிருந்தும் செய்யலாம், எலும்பிலிருந்தும் செய்யலாம். மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், பேர் தெரியாத மலிவுத் தூளை வாங்காதீர்கள்.

மீன்தூளில் இந்த நோய் வராது. ஐரோப்பா அதையும் மாட்டுக்கு நிறுத்தியது, மீன்தூளில் இறைச்சித் தூளைக் கலந்தால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால். நம் ஊர் மாட்டுக்கு அது தேவையும் இல்லை, பாலில் வாடை அடிக்கும்.

மேயப் போற இடத்துல கிடக்கிற எலும்பை என் மாடு கடிச்சுக்கிட்டே நிக்குது. பயப்படணுமா?

பைத்திய மாடு நோய்க்காகப் பயப்பட வேண்டாம். உடம்பில் பாஸ்பரஸ் குறைந்த மாடு அப்படித்தான் எலும்பு, செருப்பு, துணி என்று தேடிக் கடிக்கும். பயப்பட வேண்டியது பொட்டுலிசம் என்ற நச்சுக்கு. அழுகிய எலும்பிலிருந்து வந்தால் மாடு நாக்குத் தொங்கிப் படுத்துவிடும். எலும்பைப் பிடுங்கிப் போடுங்கள், டாக்டரிடம் கேட்டுத் தாது உப்பு தொடங்குங்கள்.

அப்போ கோழிக்கழிவை மாட்டுக்குப் போட்டா தப்பா? அமெரிக்காவுல போடுறாங்களே?

அங்கே கோழிப்பண்ணை எருவை இறைச்சி மாட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சிக்கல், கோழித் தீவனத்தில் மாட்டுத் தூள் இருக்கலாம், சிந்திய தீவனம் எருவோடு திரும்ப மாட்டிடம் வரும். முன்பு சொன்ன சுற்று, ஒரு வளைவு கூடுதலாக. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மாட்டுக்கு நோய் கண்டதும் இதைத் தடை செய்வதாக அறிவித்து, பிறகு கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2008-ல் வந்த விதி, 30 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் மூளையும் தண்டுவடமும் எந்த விலங்கின் தீவனத்திலும் கூடாது என்கிறது.

ஐரோப்பா வேறு வழியில் போகிறது. 2001-ல் எல்லாப் பண்ணை விலங்குக்கும் விலங்குப் புரதத்தை நிறுத்தியது, 2021-ல் கோழிக்குப் பன்றிப் புரதம், பன்றிக்குக் கோழிப் புரதம் என்று திரும்ப அனுமதித்தது. அதே இனத்தை அதே இனத்துக்குப் போடக் கூடாது, மாட்டுக்கு எதுவுமே கூடாது, மில்லில் தனித்தனி இயந்திரம் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. 1988 தடையும் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது என்பதால், அந்த மில்களை யார், எத்தனை முறை போய்ப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.